காமாலையின் வயது

பத்துமலைக்குக் கண் மஞ்சளானது 1984 ஜூன் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. காமாலை நிர்ணயக் குழு கூடுவதோ செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். நான்கு நாள் முந்திக்கொண்டு மஞ்சளானதுதான் அவன் செய்த முதல் குற்றம் என்று அவனுடைய கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் நமக்கு வேண்டாம். சொன்னால் ஒரு குழு போட்டு, சொன்னவனுக்கு எத்தனை வருசமாக வாய் கெட்டிருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே அறுவை அறைகளின் குப்பைப் பைகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டுவது பத்துமலையின் வேலை. வயது முப்பத்தாறு. சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பெண்டாட்டி செல்லாயியோடு ஈப்போவுக்கு வந்து, ஆஸ்பத்திரியின் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் வாங்கிக்கொண்டவன்.

மார்ச் மாதம் ஒருநாள் குப்பைப் பையைத் தோளில் ஏற்றும்போது, உள்ளே எவனோ மூடாமல் போட்டிருந்த ஊசி பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு அவன் உள்ளங்கையில் அரை அங்குலம் ஏறியது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையாவிடம் போய்க் காட்டினான். சின்னையா கையைப் பார்க்கவில்லை, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"டெட்டால் ஊத்திக் கழுவுலா. புஸ்தகத்துல எல்லாம் எழுத வேணாம். நம்ம பகுதியில விபத்தே இல்லன்னு இந்த வருசம் கேடயம் தரப்போறாங்க. நீ கெடுத்துப்புடாத."

பத்துமலை கழுவினான். கேடயம் கெடக்கூடாது என்று அவனும்தான் நினைத்தான். மூன்று மாதம் கழித்துச் சோறு கசந்தது, மூத்திரம் தேயிலைத் தண்ணியாகப் போனது, அப்புறம் கண்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த ஜெயபாலன் படித்த பையன், பத்துமலையை அண்ணே என்று கூப்பிடுகிறவன். ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அவன்தான் விஷயத்தைச் சொன்னான். ஹெப்பட்டைட்டிஸ் பி.

"இதுல ரெண்டு விதம் இருக்குண்ணே. ஒன்னு, இப்பத்தான் புதுசாத் தொத்தினது. பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் ஆட்டி வெச்சிட்டு அதுவாப் போயிரும். இன்னொன்னு, சின்னப் புள்ளையிலேயே ரத்தத்துல பூந்து, முப்பது நாப்பது வருசம் கம்முன்னு படுத்துக் கெடந்து, ஒருநாள் எந்திரிச்சி ஈரலைப் போட்டு ஒலுக்கும். அது போகாது. வெளிய பாக்க ரெண்டும் ஒன்னுதான். அதே மஞ்சக் கண்ணு, அதே வாந்தி."

"எனக்கு எதுலா?"

"ஊசி குத்தி மூனு மாசத்துல வந்திருக்கு. புதுசாத்தான் இருக்கணும். ஆனா நான் சொல்லி ஆகப்போறது ஒன்னும் இல்ல. குழு சொல்லணும்."

பிறகு ஜெயபாலன் கேட்டான்: "அக்காவுக்கு இப்ப எத்தனை மாசம்?"

செல்லாயிக்கு ஐந்து மாதம். கல்யாணமாகி எட்டு வருசத்தில் முதல் தடவை.

நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே புருசனிடமிருந்து பெண்டாட்டிக்குப் போய்விடும் என்றான் ஜெயபாலன். அன்றைக்கே அவள் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. வந்ததுமில்லை, வந்து போனதுமில்லை. புருசனுக்குக் கண் மஞ்சளானதிலிருந்து பதினான்கு நாளுக்குள் ஒரு தடுப்பு ஊசி போட்டுவிட்டால் அவளுக்கு வராமல் காப்பாற்றலாம். அவளுக்குப் பிரசவத்தை ஒட்டி வந்தால் பிள்ளைக்கும் வரும். பிறக்கும்போது பிள்ளைக்கு வந்தால் அது அநேகமாக ஆயுசுக்கும் போகாது. அந்த ஊசி மருந்து இரண்டு குப்பி ஆஸ்பத்திரியின் ஐஸ் பெட்டியில் இருந்தது. பூட்டி இருந்தது. புருசனுக்கு வந்தது புதுக் காமாலை என்று குழு முத்திரைச் சாப் குத்திக் கொடுத்தால்தான் பெட்டி திறக்கும். பழைய காமாலை என்றால், இத்தனை வருசம் கூடப் படுத்தவளுக்கு வராததா இனிமேல் வரப்போகிறது, மருந்தை வீணாக்காதே என்பது விதி.

இந்த விதியை எழுதியவனுக்குப் பெண்டாட்டி இருந்தாளா என்று தெரியவில்லை.

ஆக, பதினான்கு நாள். அதில் நான்கு நாள் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்ததில் போனது.

குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் கனகரத்தினம். ஊரில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பவர், வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட மேடைத் தமிழில் கேட்பவர். இரண்டாவது உறுப்பினர் பல் டாக்டர். மூன்றாவது உறுப்பினர் ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் பராமரிப்பு அதிகாரி. ஈரலைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, தெரிந்தவர்கள் இருந்தால் நடுநிலை தவறிவிடும் என்று தலைவர் சொன்னாராம். குழுவின் எழுத்தர் ரஹீம். ஐஸ் பெட்டிச் சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

முதல் செவ்வாயன்று பத்துமலையை உட்காரச் சொல்லவில்லை. காமாலைக்காரன் உட்கார்ந்த நாற்காலியை என்ன செய்வது என்று பராமரிப்பு அதிகாரிக்கு உத்தரவு வரவில்லை.

"இதற்கு முன் உமக்குக் காமாலை வந்ததுண்டா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க ஐயா."

"வரவில்லை என்பதற்கு அத்தாட்சி?"

பத்துமலைக்குப் புரியவில்லை. வந்ததற்கு அத்தாட்சி கேட்டால் கண்ணைக் காட்டலாம். வராததற்கு எதைக் காட்டுவான்? "ஊசி குத்துச்சிங்க ஐயா, மார்ச் மாசத்துல," என்று உள்ளங்கையை விரித்தான். காயம் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

தலைவர் விபத்துப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. அட்டையில் தங்க எழுத்து. உள்ளே ஒரு பக்கத்திலும் எழுத்தே இல்லை. "பாருங்கள், எவ்வளவு தூய்மையான ஏடு," என்று மற்ற இருவருக்கும் காட்டினார். பல் டாக்டர் ஏட்டைத் தடவிப் பார்த்தார்.

அப்புறம் தலைவர் பத்துமலையின் அடையாளக் கார்டை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இதில் உமது கண் மஞ்சளாக இருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா என்று தெரியவில்லை."

"கறுப்பு வெள்ளைப் படமுங்க ஐயா."

"அதைத்தான் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அடுத்த செவ்வாய் பழைய வண்ணப் படம் ஏதேனும் கொண்டுவாரும். நீர் பிறந்த தோட்டத்து மருந்தகத்திலிருந்து ஒரு சாட்சியும் வேண்டும்."

"ஐயா, எம் பொஞ்சாதிக்கு ஊசி. பதினாலு நாளுன்னு..."

"மனைவியின் விவகாரம் மனைவியின் கோப்பில். இது உமது கோப்பு."

வெளியே வந்ததும் ஜெயபாலன் அவன் கையிலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்தான். கோலாலம்பூரில் ஐ.ஜி.எம். என்று புதிதாக ஒரு பரிசோதனை வந்திருக்கிறதாம். புதுக் காமாலையா, பழையது கிளம்பியதா என்று அது அநேகமாகப் பிரித்துக் காட்டிவிடும். ஜெயபாலன் இரண்டு நாள் லீவு போட்டு, ரத்தக் குப்பியை ஐஸ் நிரப்பிய ஃப்ளாஸ்கில் வைத்துக்கொண்டு தானே பஸ் ஏறினான். தபாலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த வாரம் பத்துமலை முன்வாசல் பக்கம் தனிப்பாயில் படுத்தான். செல்லாயி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து எட்ட வைத்துவிட்டுப் போனாள்.

"ஏங்க, நெசமாவே பழசா இருந்துச்சின்னா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தோட்டத்தில் ஈரல் கெட்டு, வயிறு வீங்கிச் செத்த ஆட்கள் எத்தனையோ பேர். சாராயம் என்று சொல்லிப் புதைத்தார்கள். சாராயமே தொடாத அவன் அப்பாவையும் அப்படித்தான் சொல்லிப் புதைத்தார்கள். "பழசோ புதுசோ, ஒனக்கு ஊசி போட்டுட்டா போதும்," என்றான்.

வண்ணப் படம் என்று அவர்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணப் படம். பத்துமலை அதை ஆணியிலிருந்து கழற்றி, தமிழ்ப் பத்திரிகையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கு அந்தப் படத்தின் மேல் பெருமை. தோட்டத்தில் கல்யாணப் படத்துக்குக் கலர் போட்டவன் அவன் ஒருவன்தான். செய்யக்கூடாத காரியத்தைச் செய்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

படம் எடுத்தது நலங்கன்று. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முகம் கை கால் எல்லாம் மஞ்சள் அப்பி, லயத்து வாசலில் காமிராவுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சுங்காய் ஸ்டூடியோக்காரன் அதற்குத் தூரிகையால் கலர் பூசினான். நலங்குப் படம் என்று சொல்லிக் கொடுத்ததால், மஞ்சளில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

இரண்டாவது செவ்வாய். பதினோராவது நாள்.

தலைவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எழுதும் ரஹீம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. மணமகன் கடும் மஞ்சள். மணமகளும் மஞ்சள். பின்னால் நிற்கும் தோழன் இளமஞ்சள்."

"ஐயா, அது நலங்கு மஞ்சளுங்க. பூசினது. ஐயாவுக்குத் தெரியாததா?"

"தெரியும். நானும் மஞ்சள் பூசித்தான் மணம் முடித்தேன். ஆனால் அது கனகரத்தினத்துக்குத் தெரிந்தது. குழுத் தலைவருக்குக் கோப்பில் இருப்பது மட்டும்தான் தெரியும். கோப்பில் மஞ்சள் இருக்கிறது. பூசியதாக ரசீது இருக்கிறதா?"

பல் டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மணமகளுக்குப் பல்வரிசை நன்றாக இருப்பதாகப் பதிவு செய்தார். பராமரிப்பு அதிகாரி பின்சுவரில் ஈரம் ஊறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் குறிப்பில் ஏறின.

அடுத்து சாட்சி. தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்ற சன்னாசி, வெள்ளைக் கால்சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோட்டத்துக்கு டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை கார் ஓட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவார். மற்ற இருபத்தொன்பது நாளும் டிரெஸர்தான் டாக்டர். அதனால் சன்னாசிக்கு உட்கார நாற்காலி கிடைத்தது.

"சொல்றேங்க. இருபத்திரண்டு வருசம் ஊசி போட்டேன். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஆள் எல்லாம் வரிசையா நிக்கும்லா, அங்கேயே சட்டையைத் தூக்கச் சொல்லிக் குத்திக்கிட்டே போவேன். பெரிய ஆளு, சின்னப் புள்ள, எல்லாம் ஒரே வரிசை. மொத ஆளுக்குக் குத்தினதை ஸ்பிரிட்டுல ஒரு தொடை தொடைச்சி அடுத்த ஆளுக்கு. எறநூறு பேருக்கு ஒரே ஊசி. மொனை மழுங்கினா சாணைக்கல்லுல தீட்டிக்குவேன். ஊசி தொலைஞ்சதுன்னு எம்மேல ஒரு புகார் கெடையாது. பெரிய தொரை எல்லார் முன்னாலயும் சொன்னாரு, சன்னாசி கம்பெனிக்கு மிச்சம் புடிக்கிற ஆளுன்னு. ரிட்டயராவும்போது கடியாரம் குடுத்தாங்க." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

 அந்த வரிசையில் பத்துமலை நின்றிருக்கிறான். அவன் அப்பாவும் நின்றிருக்கிறார். டிரெஸர் ஐயா என்று கும்பிட்டுவிட்டுத்தான் சட்டையைத் தூக்குவார்கள்.

தலைவர் எழுந்து நின்றே சன்னாசிக்கு நன்றி சொன்னார். "கேட்டீர்களா, எவ்வளவு தெளிவான சாட்சியம்? நோய் தோட்டத்தில்தான் ஏறியிருக்கிறது. நமது மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லை." இருநூறு பேருக்கு ஒரே ஊசி போட்டது குற்றமா என்று யாரும் கேட்கவில்லை. அது வேறு இலாகா.

அப்போதுதான் ஜெயபாலன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கோலாலம்பூரிலிருந்து நேராக வருகிறான், தலைகூட வாரவில்லை. கையில் கடிதம். ஐ.ஜி.எம். பலமாகக் காட்டியிருந்தது. புதிய தொற்று என்று அங்கிருந்த டாக்டர் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

தலைவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவர் முட்டாள் இல்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. படித்தவர், விஷயம் தெரிந்தவர்.

"தம்பி, பழைய காமாலை கிளம்பும்போதும் சிலருக்கு இந்த ஐ.ஜி.எம். காட்டும். அறிவீரா?"

"தெரியும் டாக்டர். சில பேருக்குத்தான். அதுவும் லேசாக் காட்டும். இது பலமா இருக்கு. அவரு ஒய்ஃப் ரத்தம் சுத்தமா இருக்கு. ஊசி குத்தின தேதியும் சரியா ஒத்துப்போவுது. மூனையும் சேத்துப் பாத்தா..."

"சேர்த்துப் பார்ப்பது இக்குழுவின் வழக்கமில்லை. ஒவ்வொன்றாகத்தான் பார்ப்போம். ஊசி குத்தியதற்கு ஏட்டில் சான்றில்லை. மனைவியின் ரத்தம் வேறு கோப்பு. எஞ்சியிருப்பது இந்தக் கடிதம். இதில் ஐயம் இருக்கிறது." தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு வருகிறது என்று அர்த்தம்.

"ஐயத்தைத் தீர்க்க அறிவியல் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆறு மாதம். ஆறு மாதம் தாண்டியும் கிருமி ரத்தத்தில் இருந்தால் அது நாட்பட்ட நோய். நாட்பட்டது என்றால் பழையது. பழையது என்றால் நமக்குப் பொறுப்பில்லை. ஆறு மாதத்தில் கிருமி போய்விட்டால் நோயே இல்லை. இல்லாத நோய்க்கு யார் பொறுப்பேற்பது? ஆகவே, ஆறு மாதம் கழித்து வாரும். இரண்டில் எது நடந்தாலும் குழு தயாராக இருக்கும்."

பத்துமலை கும்பிட்டான். தோட்டத்தில் பழகிய கும்பிடு, கை தானாகச் சேர்ந்துவிட்டது. "ஐயா, என் காமாலைய நீங்க என்னா பேரு வேணும்னாலும் சொல்லிக்குங்க. பழசுன்னே எழுதுங்க. வேலைய விட்டு நிறுத்துனாலும் போறேன். அந்த ஊசிய மட்டும் அவளுக்குப் போடச் சொல்லுங்க. இன்னும் மூனு நாளுதான் இருக்கு."

"பழையது என்று எழுதினால் ஊசி கிடையாது. புதியது என்று எழுத ஆறு மாதம் வேண்டும். விதியை நான் எழுதவில்லை," என்றார் தலைவர். எழுதியவர் அவர்தான். அடியில் கையெழுத்து இருக்கிறது.

வராந்தாவில் ரஹீம் பின்னாலேயே வந்தார். சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்கக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பத்து, என்னைய வையாத. சாவிதான் எங்கிட்ட இருக்கு, கையெழுத்து இல்ல. நாலு புள்ளைங்க எனக்கு."

"எனக்கு ஒன்னுலா பாய்," என்றான் பத்துமலை. "அதுவும் இன்னும் வரல."

பதினான்காவது நாள் வந்தது, போனது. ஐஸ் பெட்டி அதன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. பத்துமலைக்கு ஜூலைக் கடைசியில் கண் வெளுத்தது, சோறு இறங்கியது, வேலைக்குப் போனான். அவன் தேறத் தேற ஜெயபாலன் முகம் வாடிக்கொண்டே வந்தது. மாதம் ஒருமுறை செல்லாயிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தான். செப்டம்பரில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வாரக் கடைசியில் அவள் கண்ணே பேசிவிட்டது.

எட்டாம் மாதம் தாண்டி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றாள் செல்லாயி. அவளுக்கும் நாற்காலி கிடையாது. அவள் காமாலையின் வயதை நிர்ணயிக்க வேண்டுமானால் முதலில் புருசனுடையதை நிர்ணயிக்க வேண்டும், அதற்கு டிசம்பர் ஆகும் என்றார்கள். போதாததற்குக் கல்யாணப் படத்தில் அவளும் மஞ்சளாக இருந்தது கோப்பில் ஏற்கெனவே இருந்தது. ஜூன் மாதம் எடுத்த சுத்தமான ரத்த முடிவை ஜெயபாலன் நீட்டினான். குழுவின் அனுமதியில்லாமல் எடுத்த ரத்தம் என்று அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

பிள்ளை அக்டோபரில் பிறந்தது. புதன்கிழமை. பெண். வாசுகி என்று பெயர் வைத்தார்கள்.

"இப்பவும் ஒன்னும் கெட்டுப்போவல அண்ணே," என்று ஜெயபாலன் ஓடிவந்தான். "பொறந்த ஒரு நாளைக்குள்ள புள்ளைக்கு அந்த ஊசியப் போட்டு, அப்புறம் தடுப்பு மருந்தும் போட்டா தப்பிச்சிரும். ஓடுங்க."

பத்துமலை ஓடினான். குழு அலுவலகத்தில் யாரும் இல்லை. எல்லோரும் பெரிய மண்டபத்தில் இருந்தார்கள். குழு தன் ஐந்நூறாவது கோப்பை முடித்ததற்குப் பாராட்டு விழா. வாசலில் வாழைமரம், உள்ளே சர்பத். தலைவர் கழுத்தில் மாலை. பத்துமலை ஈரச் செருப்போடு வாசலில் நின்றான். உள்ளே விடவில்லை. பேச்சு மட்டும் நன்றாகக் கேட்டது.

"ஐந்நூறு கோப்புகள், அன்பர்களே. ஐந்நூறையும் அலசினோம். இந்த மருத்துவமனையில் தொற்றிய காமாலை ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட. அத்தனையும் நோயாளிகள் தங்கள் சொந்தச் செலவில் வெளியிலிருந்து கொண்டுவந்தவை. ஏழை மக்கள்தாம், ஆனாலும் வெறுங்கையோடு வருவதில்லை."

கை தட்டினார்கள். அப்புறம் கேடயம். மண்டோர் சின்னையா மேடையேறிக் குனிந்து வாங்கினான். விபத்தில்லாப் பகுதி.

விழா முடிந்து கார் ஏறப்போன தலைவரின் வழியை மறித்துக்கொண்டு நின்றான் பத்துமலை. "ஐயா, புள்ள பொறந்திருச்சி. இன்னிக்குள்ள ஊசி போடணுமாம்."

"வாழ்த்துகள். செவ்வாய்க்கிழமை பிள்ளையைக் கொண்டுவாரும்."

"செவ்வாய்க்கிழம ஆறு நாளாயிருமுங்க ஐயா."

"குழந்தைக்கு என்ன அவசரம்? வாழ்வு முழுதும் முன்னால் இருக்கிறதே," என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். கார் போய்விட்டது. அந்தக் காரின் மேல் கல்லை விட்டெறிந்திருக்க வேண்டும். பத்துமலை எறியவில்லை. நான் இதை எழுதும்போது அவனுக்காக நானே எறிந்து பார்க்கிறேன், கை வலிக்கிறது.

டிசம்பரில் பத்துமலையின் ரத்தத்தில் கிருமி இல்லை. செல்லாயிக்கும் பிறகு போய்விட்டது. அப்படியானால் இருவருக்கும் வந்தது புதுக் காமாலைதான், கிளம்பிய பழசு இல்லை, ஜெயபாலன் ஜூன் மாதமே சொன்னபடி. குழு பத்துமலைக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியது. 'இன்னாருக்குக் காமாலை இல்லை. இல்லாதபடியால் இருந்தது என்பதற்கும் ஆதாரமில்லை. கோப்பு மூடப்பட்டது.' அடியில் மூன்று கையெழுத்து. கல்யாணப் படத்தைக் கேட்டான். சான்றுப் பொருளைத் திருப்பித் தர வழியில்லை என்றார்கள்.

பிள்ளைக்கு மட்டும் போகவில்லை. கண் மஞ்சளாகவில்லை, அழவில்லை, கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டு கிடந்தது. ரத்தம் எடுத்தால் கிருமி. மூன்றாம் மாதமும் கிருமி. ஆறாம் மாதமும் கிருமி. படுத்துக் கிடக்கிற விதம்.

எண்பத்தைந்து ஏப்ரல், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்துமலை வாசுகியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். செல்லாயி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிடுவேன் என்றாள்.

தலைவர் ரத்த முடிவைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "ஆறு மாதம் தாண்டிவிட்டது. கிருமி இருக்கிறது. ஐயத்துக்கே இடமில்லை. நாட்பட்ட நோய். பழையது. எழுதும் ரஹீம்."

ரஹீம் கோப்பிலிருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டாக்டர், எத்தனை வருசமான்னு ஒரு கட்டம் இருக்கு. என்னா எழுத?"

மூவரும் பேசிக்கொண்டார்கள். பல் டாக்டர் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கலாமா என்று யோசித்தார், பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பத்துமலை முன்னால் வந்தான். தலைவரின் மேசை மேல், திறந்திருந்த கோப்பின் மேல், வாசுகியைப் படுக்க வைத்தான். மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.

"பிள்ளையை எடும்," என்றார் தலைவர்.

"எடுக்கிறேங்க. எப்ப வந்துச்சுன்னு தேதி போடுங்க, எடுத்துக்கிறேன். இவ தோட்டத்துல பொறக்கல. டிரெஸர் கிட்ட ஊசி போட்டுக்கல. நலங்கும் வைக்கல. இந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்தா, மூனாவது வார்டுல. எங்கேர்ந்து கொண்டாந்தா ஐயா, சொந்தச் செலவுல?"

அவன் குரல் உயரவில்லை. அதனாலேயே யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. தலைவர் ரஹீமைப் பார்த்தார், பிள்ளையைத் தூக்கும்படி. ரஹீம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசுகி காலை உதைத்துக்கொண்டு தலைவரின் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பதினைந்து நிமிடம் அப்படியே போனது. அடுத்த கோப்புக்காரர்கள் வாசலில் எட்டிப்பார்த்தார்கள்.

கடைசியில் தலைவர் பேனாவை எடுத்தார். எட்ட நின்று, பிள்ளையின் காலுக்குக் கீழே தெரிந்த கட்டத்தில் எழுதினார். 'பிறப்பதற்கு முன்பிருந்தே.' பக்கத்தில் கையெழுத்து. படிவத்தின் ஓரத்தைப் பிடித்து உருவி ரஹீம் சாப் குத்தினார். 'பழைய நோய். மருத்துவமனை பொறுப்பல்ல.'

பத்துமலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

செல்லாயி எழுந்து நின்றாள். "என்னா சொன்னாங்க?"

அவன் சொல்லாமல் நடக்கப் பார்த்தான். அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பழைய நோயாம்," என்றான்.

செல்லாயி பிள்ளையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்த மூடிய கதவைப் பார்த்து, வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எம்புள்ளைக்கு இன்னும் ரெண்டு பல்லுதான்யா மொளைச்சிருக்கு."